கிழிபட்டது படியோலை

மாதவரத்தில் நாற்பது வருஷங்களுக்கு மேல் மனைத் தரகு செய்து ஓய்ந்த பெரியவர் ஒருவரை நான் பால்யத்திலிருந்து அறிவேன். தம் தோற்பையில் எந்நாளும் செராக்ஸ் பிரதிகளை மட்டுமே அவர் வைத்திருப்பார். தாய்ப்பத்திரத்தை, அது எவருடையதாயினும், தம் கையில் வாங்கி எடுத்துச் செல்வதில்லை என்பதை ஒரு விரதம் போல அனுஷ்டித்தவர். காரணம் என்னவென்று ஒருநாள் கேட்டேன். “கோவத்துல கிழிக்கிறவன் கிழிச்சுடுவான் தம்பி. கிழிஞ்சது காயிதமா இருந்துட்டுப் போவட்டும், சொத்தா இருக்கக் கூடாது” என்றார்.

அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்குப் பெரிய புராணத்துச் சபை ஒன்று நினைவுக்கு வந்தது. புத்தூரில் மணப்பந்தலில் அமர்ந்திருந்த சுந்தரரிடம், ‘நீ எனக்கு வழிவழி அடிமை, இதோ ஓலை’ என்று ஒரு கிழவேதியர் வந்து நின்றார் என்றும், சினம் மூண்ட சுந்தரர் அவரைத் துரத்திச் சென்று அவ்வோலையைப் பிடுங்கிக் கிழித்தெறிந்தார் என்றும், வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபையை அடைந்தபோது, கிழிபட்டது படியோலையே, மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று முதியவர் அதை அவையோர் முன்னிலையில் எடுத்து நீட்டினார் என்றும் சேக்கிழார் பாடுகிறார். அவையோர் அதோடு நில்லாமல், காப்பில் இருந்த வேறோர் ஓலையை வருவித்துக் கையெழுத்தை ஒப்புநோக்கியே தீர்ப்புச் சொன்னார்கள். பக்தியின் பெருமையைக் கூறும் இக்கதையில் பத்திர விவகாரத்தின் சூட்சுமம் முழுவதும் அடங்கியிருக்கிறது: கோபக்காரனுடைய கைக்கு எட்டுவது பிரதி, அவன் கைக்கு எட்டாத இடத்தில் மூலம், இரண்டையும் ஒப்புநோக்க ஒரு சபை. மாதவரத்துப் பெரியவர் பெரிய புராணம் படித்தவர் அல்லர். ஆயினும் அந்த முதியவர் கைக்கொண்ட ஜாக்கிரதையைத்தான் அவரும் கைக்கொண்டார்.

பிறர் சொத்தைப் பிறருக்கு விற்பித்துக் கொடுக்கும் தொழில் நம் நாட்டில் புதியதன்று. முதலாம் இராஜராஜன் காலத்து ஆனைமங்கலச் செப்பேட்டில், தறிப்புடவை, தட்டாரப்பாட்டம், இடைப்பாட்டம் முதலிய வரிகளின் நடுவே ‘தரகு’ என்பதும் ஓர் இனமாக எண்ணப்பட்டிருக்கிறது. வரி விதிக்கத்தக்க அளவுக்கு அது அன்றே ஒரு ஸ்தாபிதமான தொழிலாக இருந்தது என்று கொள்ளலாம். ஆனால் நிலம் கைமாறிய முறையை அக்காலக் கல்வெட்டுகளில் பார்க்கும்போது, தரகனைக் காட்டிலும் சபையே முன்னால் நிற்கிறது. நான்கெல்லையும் பெயர் சொல்லி விவரித்து, விலைப்பொருளை ஆவணக்களரியில் எல்லோரும் காணக் கைக்கொண்டு, இதற்கு மேல் வேறு ஓலை காட்ட வேண்டுவதில்லை என்று எழுதி, சபையாரும் அயலாரும் கையெழுத்திட்டுக் கொடுப்பது அன்றைய சம்பிரதாயம். மாதவரத்துக்குக் கிழக்கே திருவொற்றியூரில் உள்ள ஆதிபுரீசுவரர் ஆலயத்துச் சுவர்களில் இத்தகைய நில விவகாரங்கள் ஏராளமாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ‘ஒற்றி’ என்ற சொல்லுக்கே அடமானம் என்று ஒரு பொருள் உண்டு. இன்றைக்கும் வடசென்னையில் வீட்டை ‘ஒத்திக்கு’ விடுகிறோம் என்று சொல்லும்போது அந்தப் பழஞ்சொல்தான் நம் வாயில் வருகிறது. இன்னும் முற்பட்ட அர்த்தசாஸ்திரமும், வீடோ நிலமோ விற்பதாயின் அயல் குடும்பத்தாரை முன்வைத்து, எல்லைகளையும் விலையையும் உரக்கக் கூறி, வாங்குவார் உண்டோ என்று மும்முறை கேட்க வேண்டும் என்று விதிக்கிறது.

இவற்றையெல்லாம் சொத்தைக் காக்கும் ஏற்பாடுகள் என்றே சரித்திர ஆசிரியர்கள் எழுதுவது வழக்கம். ஆனால் இவை ஆளையும் காத்தன என்பது என் அபிப்பிராயம். ஊர் கூடி நிற்கையில் கைமாறிய பணத்தைக் குறித்து, பின்னொரு நாள் இரவில் தனியாக ஒருவன் வீட்டுக் கதவைத் தட்டி, ‘நீதானே வாங்கித் தின்றாய்’ என்று கழுத்தைப் பிடிப்பது எளிதன்று. விஷயம் ஊராருக்குத் தெரிந்திருக்கும்போது கோபமும் ஊராரிடமே போய் முறையிட வேண்டியதாகிறது.

கம்பெனியார் காலத்தில் இந்த நிலைமை கலைந்தது. 1708இல் திருவொற்றியூர், சாத்தங்காடு, கத்திவாக்கம், வியாசர்பாடி, நுங்கம்பாக்கம் ஆகிய ஐந்து கிராமங்களும், 1742இல் எர்ணாவூர், பெரம்பூர் முதலியனவும், 1763இல் ஆற்காட்டு நவாப்பின் ஜாகீராகச் செங்கற்பட்டுச் சீமையும் அவர்கள் கைக்கு வந்தன. பார்னார்டு என்ற இஞ்சினீர் கிராமம் கிராமமாக அளந்தெடுத்த பிறகும், மிராசு என்னும் பரம்பரை நில உரிமையின் மெய்யான இயல்பு யாதென்று துரைகளுக்கு விளங்குவதற்கு வெகுகாலம் ஆயிற்று. எல்லிஸ் துரை 1818இல் அதைப்பற்றி ஒரு நீண்ட விளக்கமே எழுத வேண்டியிருந்தது. இந்த விளங்காமையின் இடைவெளியில்தான் பட்டணத்துத் துபாஷிகள் புகுந்தார்கள். குடியானவனுக்குத் துரை பாஷை தெரியாது, துரைக்குக் குடியானவன் பாஷை தெரியாது. இரண்டும் அறிந்தவன் இருவருக்கும் இன்றியமையாதவனானான், அதனாலேயே இருவரும் சந்தேகிக்கும் ஆளுமானான். 1790களின் பிற்பகுதியில் ஜாகீரின் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ், கிராமங்களின் கலகத்துக்கெல்லாம் துபாஷிகளே மூலம் என்று கருதினார். அதில் எவ்வளவு நியாயம், எவ்வளவு துவேஷம் என்று இப்பொழுது நிறுத்துப் பார்ப்பது கடினம். காரியம் கெட்டால் நடுவில் நின்றவனே கெடுத்தான் என்னும் எண்ணம் மட்டும் அன்றே வேர் பிடித்துவிட்டது.

ஆங்கிலச் சட்டம் சபையின் இடத்தில் ரிஜிஸ்தர் கச்சேரியை வைத்தது. 1864இல் முதற் பதிவுச் சட்டமும், 1882இல் சொத்து மாற்றுச் சட்டமும், 1908இல் இன்றளவும் நடைமுறையிலுள்ள பதிவுச் சட்டமும் வந்தன. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட ஸ்தாவர சொத்தின் கிரயம் பதிவாகாமல் செல்லாது என்பது நியதியாயிற்று. அதற்கிடையே 1872இல் வந்த ஒப்பந்தச் சட்டம், தரகர்கள் அவசியம் மனனம் செய்துகொள்ள வேண்டிய ஒரு விதியைத் தன் 230ஆவது பிரிவில் வைத்திருக்கிறது: வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், முதலாளிக்காக ஏஜெண்டு செய்த உடன்படிக்கை ஏஜெண்டைச் சொந்த ஹோதாவில் கட்டுப்படுத்தாது. சட்டம் அப்படித் தெளிவாகச் சொல்லிற்று. ஆனால் ஆயுட்காலச் சேமிப்பை இழந்துவிட்டோமோ என்ற பீதியில் வருகிறவனுக்கு, விற்றவனுடைய முகத்தைக் காட்டிலும் மனையைக் காட்டி ஆசை மூட்டினவனுடைய முகமே ஞாபகத்தில் நிற்கிறது. விற்றவன் வெளியூர்க்காரன், தரகன் அடுத்த தெருவில் இருப்பவன். கோபம் கிட்ட இருப்பவனையே தேடி வரும்.

ஆயினும் மாதவரம் கிராமமாக இருந்தவரையில் இந்த அபாயம் பெரிதாக உணரப்படவில்லை. ஏரிகளும் வயல்களும் தோப்புகளும் சூழ்ந்த அவ்வூரில், நிலம் கைமாறுவது வருஷத்தில் சில தடவைகள் நடக்கும் விஷயம். திண்ணையில் ஜமக்காளம் விரித்து, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, இரு தரப்புப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, அச்சாரத்தைத் தட்டில் வைத்து மாற்றிக்கொள்வார்கள். தரகர் அந்தப் பணத்தைத் தொடமாட்டார். அவருடைய தரகு, பத்திரம் முடிந்த அன்று, ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில், எல்லோரும் பார்க்க அவர் கையில் வரும். சாட்சிக் கையெழுத்துகளில் ஒன்று பெரும்பாலும் அவருடையதாகவே இருக்கும்.

பிறகு ஊர் மாறத் தொடங்கிற்று. பட்டணத்து மாடுகளுக்கும் பாலுக்கும் இடமாக மாதவரத்தில் பால் பண்ணைக் குடியிருப்பு எழுந்தது. கால்நடை மருத்துவத்துக்கென்று 1989இல் ஏற்பட்ட பல்கலைக்கழகமும் அந்த வட்டாரத்திலேயே தலைமையிடம் கொண்டது. மணலியில் 1969இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்க, அதையொட்டி உரத் தொழிற்சாலை முதலியன வந்தன. எண்ணூரில் லாரி செய்யும் ஆலையும், பெரம்பூரில் பின்னி மில்லும் ரயில்வே பட்டறைகளும், துறைமுகத்து வேலையும் ஏற்கெனவே இருந்தன. இவற்றில் உழைத்த ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு, ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு காணும் கனவு ஒன்றே ஒன்று: அரை கிரவுண்டாவது சொந்தமாக வேண்டும். பிராவிடெண்டு பண்டில் கடன் எடுத்து, மனைவியின் நகையை வைத்து, சீட்டை ஏலம் எடுத்து அவர்கள் வாங்கிய மனைகள் பெருநகரின் எல்லையோரத்துப் பொட்டல்களில், கல் நட்டுச் செம்மண் ரோடு போட்ட வயல்களில் இருந்தன. ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற சொல் அக்காலத்தில் மந்திரம் போல வழங்கிற்று. மனைப் பிரிவுக்கு உத்தரவு கொடுக்கும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்கு இல்லை என்பதும், 1971ஆம் வருஷத்து நகரமைப்புச் சட்டத்துக்குப் பிறகு அது வேறிடத்து அதிகாரம் என்பதும் வாங்கினவர்களில் அநேகருக்குத் தெரியாது. தரகர்களிலும் பலருக்குத் தெரியாது என்பதை நான் வருத்தத்தோடு சொல்லுகிறேன்.

இங்கேதான் தரகனுடைய பந்தோபஸ்து அடியோடு மாறியது. திண்ணை போயிற்று, சபை போயிற்று. வாங்க வருகிறவன் யார், எந்த ஊர், எப்படிப்பட்ட சுபாவம் என்பது ஒன்றும் தெரியாமல், அவனைச் சைக்கிளின் பின்னாலோ ஸ்கூட்டரிலோ ஏற்றிக்கொண்டு, ஆள் நடமாட்டமற்ற பொட்டலில் அந்தி வேளையில் கல்லைக் காட்டி நிற்க வேண்டியவனானான். அட்வான்ஸ் ரொக்கமாகத் தரகன் கையிலேயே கொடுக்கப்படலாயிற்று. கிரயத்துக்குப் பதிலாகப் பவர் பத்திரம் எழுதி, ஒரே மனை மூன்று கை மாறுவதும் சகஜமாயிற்று. 2011 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட், பவர் மூலமாகச் செய்யும் விற்பனை உரிமையை மாற்றாது என்று தீர்த்துச் சொன்ன வரையில் அந்த வழக்கம் தாராளமாக நடந்தது. சாட்சி குறையக் குறைய நடுவில் நின்றவனுடைய ஆபத்து வளர்ந்தது.

நான் சிறுவனாயிருந்தபோது கண்ட ஒரு காட்சி இன்னும் மறக்கவில்லை. எங்கள் தெருவில் குடியிருந்த ஒரு தரகர் வீட்டு வாசலில், ஒரு மாலை, மில் தொழிலாளி ஒருவர் தம் மனைவியோடும் இரு குழந்தைகளோடும் வந்து நின்றார். அவர் வாங்கின மனையின் வில்லங்கத்தில் பழைய அடமானம் ஒன்று தீராமல் இருப்பது வாங்கி எட்டு மாதம் சென்றபின் தெரியவந்திருக்கிறது. முதலில் அழுதார், பிறகு ஏசினார், பிறகு வாசலில் கிடந்த அம்மிக் குழவியைத் தூக்கினார். தரகரின் மனைவி கதவை அடைக்கவில்லை. தெருவே கூடும்படி உரக்க, “அண்ணே, உள்ள வாங்க, குழந்தைங்களுக்குத் தண்ணி குடுக்கிறேன், எல்லாரும் இருக்காங்க, பேசலாம்” என்று அழைத்தார். குழவி மெல்லக் கீழே இறங்கிற்று. அந்த மனிதர் கெட்டவர் அல்லர். பதினைந்து வருஷத்துக் கூலியைப் பறிகொடுத்தவர். அந்தத் தரகரும் மோசக்காரர் அல்லர். பதின்மூன்று வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தவர், முப்பது வருஷத்துக்குப் பார்க்காதவர். அன்றிரவு தெருப் பெரியவர்கள் நால்வர் கூடி, விற்றவரைத் தேடிப் பிடிக்க யார் போவது என்று தீர்மானித்தார்கள். அந்த அம்மாள் செய்தது வெறும் உபசாரம் என்று நான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். சாட்சிகளைக் கூட்டினார் என்பது பிற்பாடுதான் எனக்குப் புலப்பட்டது.

எல்லாவற்றிலும் கடுமையான சோதனை 2016 செப்டம்பர் 9ஆம் தேதி வந்தது. அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்யலாகாது என்று சென்னை உயர்நீதிமன்றம் அன்று உத்தரவிட்டது. ஏரிகளும் விளைநிலங்களும் மனைகளாக மறைந்துகொண்டிருந்ததைத் தடுக்க எழுந்த அவ்வுத்தரவின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் பெண் கல்யாணத்துக்கென்று மனையை விற்க அட்வான்ஸ் வாங்கியிருந்தவனும், வாங்குவதற்காக வட்டிக்குக் கடன் எடுத்தவனும் ஒரே நாளில் திகைத்து நின்றார்கள். நீதிமன்றத்தோடு சண்டை போட முடியாது, சர்க்காரோடும் முடியாது; அட்வான்ஸை வாங்கிக் கொடுத்த தரகனோடு போடலாம். 2017 மே மாதம், 2016 அக்டோபர் 20க்கு முன் விற்கப்பட்ட மனைகளை வரன்முறை செய்யும் விதிகள் வெளிவருகிற வரையில், பல தரகர்கள் செல்போனை அணைத்துவிட்டு உறவினர் ஊர்களில் போய்த் தங்கினார்கள். மாதவரத்துப் பெரியவர் ஓடவில்லை. அட்வான்ஸ் எதுவும் தம் கையில் தங்காதபடி நடந்துகொண்டவராதலால், கட்சிக்காரர்கள் எல்லோரையும் ஒரே நாளில் தேநீர்க்கடைக்கு வரவழைத்து, உத்தரவின் நகலைப் படித்துக் காட்டினாராம்.

அயல்நாட்டில் இத்தொழிலின் அபாயத்தை உலகம் உணர்ந்தது ஓர் இளம்பெண்ணின் மூலமாக. லண்டனில் வீடு விற்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த ஸூஸி லாம்ப்ளூ என்னும் இருபத்தைந்து வயதுப் பெண், 1986 ஜூலை 28ஆம் தேதி, ‘மிஸ்டர் கிப்பர்’ என்று டயரியில் குறித்துவைத்த ஒருவருக்கு வீடு காட்டப் புறப்பட்டுச் சென்றாள்; திரும்பவே இல்லை. தனியே வேலைக்குப் போகிறவர்கள் எங்கே, யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை ஒருவரிடம் சொல்லிச் செல்ல வேண்டும் என்ற எளிய பழக்கத்தை ஊரெங்கும் பரப்புவதற்கு அவளுடைய பெற்றோர் அவள் பெயராலேயே ஓர் அறக்கட்டளை ஏற்படுத்தினார்கள். வெறும் பெயர் ஒன்றை நம்பி ஆளில்லாத வீட்டுக்கு அனுப்பப்பட்ட அந்தப் பெண்ணை நினைக்கும்போது, அந்நியனோடு பொட்டலில் நிற்கும் நம்மூர்த் தரகர்களை நினையாதிருக்க முடியவில்லை.

மாதவரத்துப் பெரியவர் இத்தகைய புஸ்தகப் பாடம் எதுவுமின்றி, அடிபட்டும் அடிபட்டவர்களைக் கண்டும் தமக்கென்று சில நியமங்களை வகுத்துக்கொண்டார். புதியவரை முதலில் மூலக்கடையிலோ ரவுண்டானாவிலோ கூட்டமுள்ள தேநீர்க்கடையில் பார்ப்பார். கடைக்காரரிடம், புதியவர் காதுபட, ‘இவருக்கு இன்ன இடத்தில் மனை காட்டப் போகிறேன்’ என்பார். பொழுது சாய்ந்தபின் மனை காட்டமாட்டார். கோபத்தோடு வருகிறவரைத் தம் வீட்டுக்குள் தனியே உட்கார வைத்துப் பேசமாட்டார். வாசற்பக்கமாகத் தாம் உட்காருவார். எதிர்த்துப் பேசமாட்டார், கேட்டதையெல்லாம் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுவார், எழுதுகிற நேரத்தில் எதிராளியின் குரல் பாதி தணிந்துவிடும் என்று சொல்லுவார். கொலை மிரட்டல் என்று வந்தால் மட்டும் தயங்காமல் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிடுவார். ‘நம்ம கட்சிக்காரர்தானே’ என்று அதில் தாட்சண்யம் பார்த்த சகாக்கள் இருவர் ஆஸ்பத்திரியில் கிடந்ததை அவர் பார்த்திருக்கிறார்.

இப்பொழுது சட்டமும் அந்தப் பழைய திண்ணையின் வேலையைத் தன் வழியில் செய்ய முற்பட்டிருக்கிறது. 2015 ஜூன் முதல் நிலக் கிரயத்துக்கு இருபதினாயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. 2016இல் இயற்றப்பட்டு மறுவருஷம் முழுமையாக அமுலுக்கு வந்த ரியல் எஸ்டேட் சட்டம், ஏஜெண்டுகள் பதிவு செய்துகொள்ள வேண்டும், பதிவு பெறாத திட்டங்களை விற்பிக்கலாகாது, கணக்குப் புஸ்தகங்கள் வைத்திருக்க வேண்டும், திட்டத்தின் விவரங்களும் தஸ்தாவேஜுகளும் வாங்குவோர் கைக்குக் கிடைக்கும்படி உதவ வேண்டும் என்று விதிக்கிறது. எழுத்து ஒப்பந்தம் பதிவாகாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்குவதையும் தடுக்கிறது. வில்லங்கம் வீட்டிலிருந்தபடியே இணையத்தில் பார்க்கக் கிடைக்கிறது. இவை வாங்குவோரின் பாதுகாப்புக்காக ஏற்பட்டவை. ஆனால் ஒளிவுமறைவு குறைந்த அளவுக்குத் தரகரின் தலைமேல் தொங்கும் ஆபத்தும் குறைகிறது என்பதை இத்தொழிலில் இருப்பவர்கள் இன்னும் முற்றிலும் உணரவில்லை. பதிவையும் கணக்கையும் தொல்லை என்று முணுமுணுக்கிறவர்களிடம் எனக்குச் சினமில்லை, கவலைதான் உண்டு.

ஏனெனில் மாதவரத்தில் கோபத்துக்குப் புதிய காரணங்கள் வந்துகொண்டேயிருக்கின்றன. 2011இல் ஊர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2018இல் புறநகர்ப் பேருந்து நிலையம் திறந்தது. 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்ட மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்தில், மூன்று வழித்தடங்களில் இரண்டு மாதவரத்திலிருந்தே புறப்படுகின்றன. அக்ரிமெண்டு போட்ட விலைக்கும் பத்திரம் முடிக்கிற நாளின் விலைக்கும் இடையே மூன்றே மாதத்தில் பெரும் பள்ளம் விழுந்துவிடுகிறது. முன்பெல்லாம் வாங்கினவர்தான் கோபத்தோடு வருவார். இப்பொழுது விற்றவரும், ‘விலை ஏறும் என்று தெரிந்தே என்னை ஏமாற்றினாய்’ என்று வருகிறார்.

பெரியவர் தோற்பையை மகளிடம் கொடுத்துவிட்டார். அவள் பதிவு பெற்ற ஏஜெண்டு. ஆண்களே நிறைந்திருந்த தொழிலில் இப்பொழுது மாதவரம், கொளத்தூர்ப் பக்கம் பெண்கள் பலர் இருக்கிறார்கள். மனை காட்டப் புறப்படுமுன் வருகிறவருடைய ஆதார் அட்டையின் படத்தையும், தான் நிற்கும் இடத்தை அவ்வப்போது காட்டும் லொகேஷனையும் அப்பாவின் செல்போனுக்கு அனுப்பிவிடுவாள். சென்ற மாதம் நான் போயிருந்தபோது, பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, திரையில் மெல்ல நகரும் அந்தப் புள்ளியைப் பார்த்தபடியே என்னோடு பேசிக்கொண்டிருந்தார். விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவள் வந்து சேர்ந்தாள். செருப்பைக் கழற்றுமுன்பே அவர் கேட்டார்:

“கூட யாரும்மா இருந்தாங்க?”